சுக்குப்பறம்பில் இல்லாத கல்மேடை

கல்மேடையை இடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, சந்தனமாரி வழக்கம்போல அதன்மேல் போய் உட்கார்ந்தாள். கீழே செம்மண்ணும் உடைந்த சுண்ணாம்புக் கட்டிகளும் சிதறிக் கிடந்தன. தரைக்கு இரண்டடி மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், சேலையை ஒதுக்கிக்கொண்டு காலைத் தொங்கப்போட்டபடி அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். எதிரே சாயாக்கடை வைத்திருந்த சஜிதான் முதலில் பார்த்தான். பொங்கி வந்த பாலை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். பிறகு தினமும் செய்வதுபோல ஒரு சாயாவை ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் நின்றது. 2002ஆம் வருஷம், மழை தொடங்கக் கொஞ்ச நாள் இருந்தது. மட்டாஞ்சேரியில் மிளகு விலை இறங்கிக்கொண்டே இருந்தது. மத்தி மீன் மலிவாகக் கிடைத்தது.

சந்தனமாரியின் அப்பன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தெருக்கூட்டும் உத்தியோகத்தில் சேர்ந்து, அதிலேயே செத்தவர். அவள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது, தாலியறுத்தது எல்லாம் மட்டாஞ்சேரியில்தான். தமிழில் பேசுவாள், மலையாளத்தில் வாசிப்பாள், இரண்டிலும் சண்டை போடுவாள். குடோன்களில் சுக்கைத் தோல் சீவித் தரம் பிரிக்கிற வேலை. சந்துக்குள் ஒற்றை அறை வீடு. அறையின் ஒரு மூலைக்கு அடுப்படி என்று பெயர். மகன் அழகர் வெலிங்டன் தீவில் சரக்குக் கிடங்கொன்றில் சுமை ஏற்றி இறக்குகிறவன். அவனுக்குச் சொந்தத்திலேயே பாண்டிச்செல்வியைப் பார்த்துக் கட்டிவைத்தாள். கல்யாணத்துக்கு ஆயிரம் யோசித்தவள், மூன்று பேர் எங்கே படுப்பது என்பதை மட்டும் தாலி கட்டிய பிறகுதான் யோசித்தாள். அதற்கும் வழி தானாகவே அமைந்தது. அழகர் வேலை முடிந்து வரும் செருப்புச் சத்தம் சந்தில் கேட்டதும் அவள் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு கல்மேடைக்குக் கிளம்பிவிடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை.

அந்த மேடை இருந்த முக்குக்குச் சுக்குப்பறம்பு என்று பெயர். ஒரு காலத்தில் கப்பலுக்குப் போகிற சுக்கை அங்கே பரப்பிக் காயவைத்தார்களாம். மூட்டை சுமக்கிறவர்கள் இறக்கி மூச்சுவிட யாரோ ஒரு மிளகு வியாபாரி அந்தக் கல்மேடையைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் மேஸ்திரி வந்து அதில் இருக்கிற பெண்களைத்தான் வேலைக்கு எண்ணிக் கூப்பிடுவார். வீட்டில் இருந்தவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பிறகு கும்பளங்கியிலிருந்து வரும் கரிமீன்காரி கூடையை இறக்குவாள். மத்தியானம் அந்தச் சந்துகளின் துணியெல்லாம் அங்கே காயும். சாயங்காலம் சீட்டு, அரசியல், பெண் பார்த்தல், பெண் கொடுக்க முடியாது என்று சொல்லுதல், எல்லாமும் அதன்மேல்தான். அந்த வட்டாரத்து வீடுகள் ஒற்றை அறையாக இருந்தும் யாரும் மூச்சு முட்டிச் சாகாததற்கு, அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய முன்னறை வெளியே கிடந்ததுதான் காரணம். ஆனால் அதை யாரும் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

யோசிப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் 2001இல் வந்தார்கள். புத்துயிர்ப்புக் குழு என்று அதற்குப் பெயர். பழைய நகரம் செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு உயிரூட்ட வேண்டும் என்று எங்கேயோ முடிவாகியிருந்தது. பெங்களூரிலிருந்து நிபுணர்கள் காரில் வந்து இறங்கிச் சுக்குப்பறம்பைக் காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் படம் எடுத்தார்கள். அவர்கள் வந்த நாள் ஹர்த்தால். கடையில்லை, குடோன் இல்லை, சஜியின் அடுப்பு எரியவில்லை. ஒரு நாய் மட்டும் மேடை நிழலில் படுத்திருந்தது. இந்தப் பொதுவெளியை மக்கள் யாரும் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். நாயைப் பற்றித் தனியாக ஒரு பத்தி இருந்தது. மேடை டச்சுக்காரர் வரைந்த வரைபடத்தில் இல்லாததால் அது பிற்காலத்து ஒட்டு என்றும், எடுத்துவிட்டால் முக்கின் பழைய அழகு வெளிப்படும் என்றும் முடிவு செய்தார்கள். எடுத்தார்கள். கற்கள் லாரியில் போய், பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறக்கவிருந்த தங்கும் விடுதியின் வரவேற்பறையில் புராதனக் கற்களாக நின்றன.

சந்தனமாரிக்குப் பிறகு மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு விழுந்த இசக்கிமுத்து அண்ணாச்சி, முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமில்லை என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார். சந்தனமாரியோடு சுக்கு சீவுகிற அம்பிளி உட்கார்ந்தாள். கும்பளங்கிக்காரியின் மீன்கூடை நின்றது. அதிலிருந்து தண்ணீர் மட்டும் நேராகத் தரையில் சொட்டியது. ஆனால் எல்லாரும் உட்கார முடியவில்லை. பழம்பொருள் கடை போட வந்திருந்த வடநாட்டு முதலாளி விழுந்தார். குழுவின் இளம் கட்டடக் கலைஞர் இரண்டு முறை விழுந்தார், இரண்டாவது முறை அளவு நாடாவோடு. மாமியாருக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த பாண்டிச்செல்வியும் எல்லாரையும் பார்த்துத் தானும் உட்காரப் போய், கஞ்சியோடு விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சந்தனமாரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பாண்டிச்செல்வி காலி வாளியில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஏன் சிலரைத் தாங்குகிறது, சிலரைத் தாங்கவில்லை என்பதற்குப் பல பேர் பல காரணம் சொன்னார்கள். போய் இருக்க வேறு இடம் உள்ளவர்கள் விழுவார்கள் என்று அம்பிளி சொன்னாள். அதைவிட நல்ல காரணம் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

குழுவின் பொறியாளர் வெங்கிடராமன் பாலக்காட்டுக்காரர். சுத்தமான சட்டை, சுத்தமான நெற்றி, கோபத்திலும் மரியாதை குறையாத ஆள். ஒரு வாரம் எதிரே மாடியில் இருந்த குழு அலுவலகத்திலிருந்து பார்த்துவிட்டுக் குடையோடு இறங்கி வந்தார். மலையாளத்தில் தொடங்கினார், அவள் தமிழ் என்று தெரிந்ததும் வீட்டுத் தமிழுக்கு மாறினார்.

“நீங்க எழுந்துக்கணும். இங்கே உக்காரப்படாது.”

“எங்க சாரே?”

“இங்கே. இதுமேலே.”

“எதுமேல சாரே?”

வெங்கிடராமன் குடையை நீட்டி அவளுக்குக் கீழே ஒருமுறை துழாவினார். குடை தடையில்லாமல் அந்தப் பக்கம் போய் வந்தது. மேடை முழுவதும் அகற்றப்பட்டது என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அங்கே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் வேலை முடியவில்லை என்றாகும். ஒன்றும் இல்லை என்றால் இவள் எதன்மேலும் உட்காரவில்லை, ஆகவே எழுப்ப முடியாது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மழையும் வந்தது.

விஷயம் சட்ட ஆலோசகருக்குப் போயிற்று. தரையை ஆக்கிரமித்தால் ஒரு சட்டம் உண்டு. இவர்கள் தரையைத் தொடவில்லை. தெருவுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிற எதுவாக இருந்தாலும் அதற்குப் பொருந்துவது விளம்பரப் பலகைகளுக்கான விதி ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்தார். அதன்படி சந்தனமாரி, அம்பிளி, இசக்கிமுத்து ஆகிய மூன்று அனுமதியற்ற பலகைகளுக்கு நோட்டீஸ் வந்தது. அம்பிளி அதை உரக்க வாசித்துக் காட்டினாள்.

“நான் எதுக்கு வெளம்பரம் அண்ணாச்சி?” என்று சந்தனமாரி கேட்டாள்.

இசக்கிமுத்து வெற்றிலைக் கறை படிந்த அவள் பல்லைப் பார்த்தார். “பல்பொடிக்கா இருக்கும்,” என்றார்.

இதற்கிடையில் உயிரூட்டல் நடந்துகொண்டுதான் இருந்தது. தரையில் கருங்கல் துண்டுகள் பதித்தார்கள். மீன்காரிகள் அதில் வழுக்கினார்கள். ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்தைப் பார்த்து வார்த்த இரும்பு விளக்குக் கம்பங்கள் வந்தன. யாரும் படுத்துவிடக் கூடாது என்று நடுவில் கைப்பிடி வைத்த நீள இரும்பு நாற்காலிகள் வந்தன. பத்து மணி வெயிலுக்கு மேல் அவற்றில் அப்பளம் பொரிக்கலாம். குடோன்கள் ஒவ்வொன்றாகக் காப்பிக்கடையாகவும் ஓவியக்கூடமாகவும் மாறின. சுக்கு இல்லாத சுவர்களில் சுக்கு வாசனை மட்டும் இருந்ததால் காப்பியின் விலையை உயர்த்த முடிந்தது. துணி காயப்போடக் கூடாது, சீட்டாடக் கூடாது, கூடை இறக்கக் கூடாது, கூட்டமாக நிற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பலகை வைத்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே துணி காயப்போடுகிறவர்கள் அல்ல என்பதால், எடுத்துச் சொல்ல ரமேஷ்பாபு என்கிற காவலாளிக்கு ஒரு பழுப்புச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். அவன் இடக்கொச்சிக்காரன். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஊதுவான். வெள்ளைக்காரர்கள் என்றால் நாற்பது பேர் வரை ஊதமாட்டான்.

வெள்ளைக்காரர்கள் விளக்குக் கம்பத்தைப் படம் எடுக்கவில்லை. அதைப்போல அவர்கள் ஊரில் நிறைய இருந்தது. அந்தரத்தில் உட்கார்ந்து பேன் பார்க்கிற பெண்களைத்தான் எடுத்தார்கள். படங்கள் எங்கெங்கோ அச்சாகி, கடைசியில் புத்துயிர்ப்புக் குழுவின் மேசைக்கே வந்து சேர்ந்தன. குழு மனம் மாறியது. இல்லாத மேடைதான் அந்த முக்கின் மிகப் பெரிய செல்வம் என்றும், அதை உடனே பாதுகாக்காவிட்டால் அழிந்துவிடும் என்றும் அதே நிபுணர்கள் புதிய அறிக்கை எழுதினார்கள். பாதுகாப்பதற்கு ஒரே வழி, மேடையைத் திரும்பக் கட்டுவது. 2003 மழைக்காலத்தில் சுக்குப்பறம்பைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து மூடினார்கள்.

அந்த மழைக்காலத்தை அந்தச் சந்துகளில் இருந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. வெளியே நடந்ததெல்லாம் வீட்டுக்குள் நடக்க வேண்டியதாயிற்று. ஈரத்துணி அடுப்புக்கு மேலே தொங்கியது. சீட்டாட்டம் கட்டிலுக்கு அடியில் நடந்தது. மேஸ்திரி வந்து நிற்க இடமில்லாததால் வேறு பக்கம் ஆள் எடுக்கப் போய்விட்டார். அழகரின் செருப்புச் சத்தம் கேட்டால் சந்தனமாரி எழுந்து நிற்பாள். போக இடமில்லாமல் திரும்ப உட்காருவாள். உப்பு எங்கே வைப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தது. உப்பு தீர்ந்தபோது, தீர்ந்ததை யார் முதலில் பார்த்தது என்று வந்தது. அழகர் இரண்டு பேருக்கும் நடுவே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஒருநாள் சந்தனமாரி, கஞ்சியோடு விழுந்த கதையைச் சந்துக்கே கேட்கும்படி எடுத்துச் சொன்னாள். பாண்டிச்செல்வி துணிகளைப் பையில் திணித்தாள். வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“நீங்களே இருந்துக்கிடுங்க அத்தை. இந்த வீட்டுல ஒரு பொம்பளைக்குத்தான் எடம் இருக்கு.”

அவள் உண்டாகியிருந்தது அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. அழகர் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினான். சோறு வைத்தால் தின்றான், தட்டை அவனே கழுவினான். அறையில் மருமகள் படுத்த இடமும் இப்போது சந்தனமாரிக்குத்தான். கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். ஆசைப்பட்டுக் கிடைத்த அந்த இடத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வரலாமா என்று நினைப்பாள். போனால் என்ன சொல்வது என்று நினைத்ததும் புரண்டு படுத்துக்கொள்வாள்.

டிசம்பரில், பயணிகள் வருகிற பருவம் பார்த்து, தகரத்தைப் பிரித்தார்கள். புதிய மேடை வெட்டுக்கல்லில் எழுந்திருந்தது. பழையது கம்பீரமாக இல்லை என்று நிபுணர்கள் நினைத்ததால் ஒரு முழம் உயரம் கூட்டியிருந்தார்கள். சுற்றிலும் பித்தளைக் குமிழ்கள், அவற்றுக்கிடையே சங்கிலி. உழைக்கும் மக்கள் ஒருகாலத்தில் இங்கே இளைப்பாறினர் என்று ஒரு பலகை. இதன்மேல் உட்காரக் கூடாது என்று அதன் கீழேயே இன்னொன்று. திறந்துவைக்க மந்திரி வந்தார். செண்டை மேளம் உச்சத்தில் இருந்தபோது சந்தனமாரி வீட்டிலிருந்து வெற்றிலைப் பையோடு வந்தாள். விழாவென்று வரவில்லை, பேசாத மகனோடு அறைக்குள் இருக்க முடியாமல் வந்தாள். சங்கிலிக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். ரமேஷ்பாபு விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அவள் திரும்பி, கல்லுக்கு முதுகைக் காட்டி, பழைய உயரத்திலேயே உட்கார்ந்தாள். கல் அவளுக்கு வழிவிட்டது. இடுப்புக்கு மேலே கொஞ்சம் வரை கல்லுக்குள் இருக்க, மிச்சப்பட்ட சந்தனமாரி வெளியே இருந்தாள். பின்னாலேயே அம்பிளியும் இசக்கிமுத்துவும் வந்து அதேபோல அமிழ்ந்தார்கள். உள்ளே கிணற்றடி மாதிரிக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார் இசக்கிமுத்து.

மந்திரி நாடாவை வெட்டிவிட்டுத் திரும்பினார். கல்லிலிருந்து முளைத்த மூன்று பேரையும் நெடுநேரம் பார்த்தார். சிலைகள் மிகவும் உயிரோட்டமாக உள்ளன என்று பாராட்டி, செய்தவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார். செய்தவர் யார் என்று குழுவினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் வெங்கிடராமனுக்குப் போர்த்தினார்கள். அந்த நேரம் அம்பிளி தும்மினாள். சிலைகள் தும்மவும் செய்கின்றன, வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. வெங்கிடராமன் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலைகிற வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் உச்சிவெயிலில் பாண்டிச்செல்வி வந்தாள். கையில் அதே பை. வயிறு முன்னே வந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்க வேண்டியவள். அங்கே அண்ணன்கள் மூன்று பேருக்கும் கல்யாணமாகி, அவள் படுத்த மூலையில் தையல் மிஷின் வந்திருந்தது. சந்துக்குள் போனாள், வீடு பூட்டியிருந்தது. சுக்குப்பறம்புக்கு வந்தாள். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் சூடு பொறுக்காமல் எழுந்தாள். காப்பிக்கடைப் படியில் உட்கார்ந்தாள்; கடைக்காரர் சாடை காட்ட, ரமேஷ்பாபு விசில் ஊதினான். இரண்டாவது முறை ஊதும்போது அவனுக்கே வெட்கமாக இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை. அவள் சங்கிலிக்கு வெளியே வந்து நின்றாள். மேடையில் சந்தனமாரி தனியாக இருந்தாள்.

“அங்கயும் எடமில்ல அத்தை,” என்றாள் பாண்டிச்செல்வி.

சந்தனமாரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். “ஏட்டி, வா. வந்து இரி.”

“விழுந்துருவேன். எல்லாரும் சிரிக்கதுக்கா?”

“விழமாட்டே.” பிறகு, சங்கிலியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் சிரிச்சிருக்கக் கூடாது,” என்றாள்.

பாண்டிச்செல்வி பையைக் கீழே வைத்தாள். சங்கிலிக்கு அடியில் வயிறு இடிக்காமல் மெல்லக் குனிந்து வந்தாள். சஜி கையில் டம்ளரோடு அப்படியே நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கல் முதுகில் இடிக்கும் என்று பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தாள். இடிக்கவில்லை. வயிறு முழுவதும் கல்லுக்குள் போயிற்று. உள்ளிருந்த குளிர்ச்சி வயிற்றில் பட்டதும் பிள்ளை புரண்டு படுத்தது. அவள் கண்ணைத் திறந்தாள். சந்தனமாரி மருமகளின் முதுகில் கை வைத்தாள். இரண்டு பேரும் அன்று மாலை அழகரின் செருப்புச் சத்தம் வரும் வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். பிறகு பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனாள், மாமியார் மேடையிலேயே இருந்தாள். வீட்டுக்குப் பழைய ஒழுங்கு திரும்பிவிட்டது.

பிறந்தது பெண். கங்கா என்று பேர் வைத்தார்கள். அந்தக் குழந்தை தவழப் பழகியதே கல்லுக்குள்தான். சில சமயம் தலை மட்டும் வெளியே வந்து போகும். பயணிகள் முதலில் அலறுவார்கள், பிறகு படம் எடுப்பார்கள். புதிய மேடை பழையதைவிட உயரமாக இருந்ததில் ஒரு வசதியும் கிடைத்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது நல்ல மேசையாக அமைந்தது. அதன்மேல் சாயா வைத்தார்கள், சுக்கு சீவினார்கள், சீட்டுப் போட்டார்கள். இதன்மேல் உட்காரக் கூடாது என்ற பலகையை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை என்பதால் ரமேஷ்பாபு ஊத வேண்டியிருக்கவில்லை. மதியச் சோற்றுக்கு அவனும் அங்கேதான் வந்தான். வீட்டில் அவனுக்கும் ஒரே அறை. பழைய நகரங்களுக்கு உயிரூட்டியதற்கான ஒரு விருது 2006இல் குழுவுக்குக் கிடைத்தது. இசக்கிமுத்து அண்ணாச்சி 2007இல் இறந்தார். அவர் இருந்த இடத்தில் கல் கொஞ்ச நாள் வழவழப்பாக இருந்தது, பிறகு யாரோ உட்கார்ந்தார்கள்.

வெங்கிடராமன் ஓய்வு பெற்றபோது அரசுக் குடியிருப்பைக் காலி செய்து மகனோடு எறணாகுளத்தில் எட்டாவது மாடியில் இருக்கப் போனார். மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள். அவர் ஹாலில் உட்கார்ந்தால் பேச்சு கேட்கிறது என்பார்கள். பால்கனியில் உட்கார்ந்தால் இருமல் கேட்கிறது என்பார்கள். கீழே பூங்காவில் சிறுவர்களுக்கு ஒரு நேரம், நாய்களுக்கு ஒரு நேரம் என்று எழுதியிருந்தது. 2009இல் ஒரு சாயங்காலம் அவர் படகேறி மட்டாஞ்சேரியில் இறங்கி, தான் போட்ட கருங்கல் துண்டுகளில் வழுக்காமல் நடந்து, சுக்குப்பறம்புக்கு வந்தார். இரும்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். மேடைக்கு முன்னே செருப்பைக் கழற்றினார். சங்கிலியைத் தூக்கினார்.

“கொஞ்சம் நகந்துக்கறேளா?” என்று கேட்டார்.

சந்தனமாரி நகர்ந்தாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, மெதுவாக உட்கார்ந்தார். கல் அவரை இடுப்பு வரை வாங்கிக்கொண்டது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பக்கத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கங்கா, இது யாரென்று கேட்டாள்.

“மேடைய இடிச்ச சாரு, மோளே,” என்றாள் சந்தனமாரி. “இனி இங்கதான் இருப்பாரு.”

வெங்கிடராமன் மறுநாளும் வந்தார்.